மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோன பையன்

அன்புள்ள சரவணா,

நீ எழுதியதைப் படித்துப் பதினோரு நாள் ஆகிறது. இதுவரை பதில் எழுதவில்லை, உன் போனையும் எடுக்கவில்லை. "அம்மா குளிக்கிறா", "அம்மா கடைத்தெருவுக்குப் போயிருக்கா" என்று அப்பா சொன்னதெல்லாம் பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எந்த மனுஷியும் ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்க மாட்டாள். நான் அவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். உன் குரல் போனைத் தாண்டி எனக்குக் கேட்டது. கோபம் இல்லையப்பா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது அதிர்ச்சி. அறுபத்திரண்டு வயதுக்கு மேல் என்னைப் பற்றி நானே புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது என்று இருந்தேன். அந்த நினைப்பை நீ ஆறு வரியில் முடித்துவிட்டாய். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். மணமேடையில் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதை எழுதியாக வேண்டும். நீ உன் கேள்வியை நான் எழுதும் நாவலின் கம்ப்யூட்டர் கோப்பின் ஓரத்தில், மற்ற இரண்டு வாசகர்களும் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டாய். அவர்களுக்கும் தெரியும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அதனால் என் பதிலையும் அதே கோப்பில்தான் போடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

நான் நாவல் எழுதுகிறேன் என்று சொன்னபோது சிரிக்காதவன் நீ ஒருவன்தான். நன்னிலத்தில் பெண்கள் பள்ளியில் இருபத்தைந்து வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் விஞ்ஞானப் புனைகதை எழுதுகிறாள் என்றால் ஊரில் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "கோலப்புத்தகம் போடலாமே டீச்சர்" என்று மாவு மில்லில் ஒரு அம்மாள் சொன்னாள். நீதான் போனிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, தமிழில் டைப் அடிக்க வைத்து, கோப்பு திறந்து கொடுத்தாய். மூன்று வருஷத்தில் பதினெட்டு அத்தியாயம் வந்தது. கடல் உள்ளே ஏறி, வேதாரண்யம் தண்ணீருக்குள் போய், நன்னிலம் கடற்கரை ஊராகிவிட்ட ஒரு காலம். நெல் வயலெல்லாம் உப்பளம். கயல் என்று ஒரு பெண். அவளுக்கு ஒரு சின்னப் பையன். வெள்ளத்தில் பையன் போய்விடுகிறான். அவள் வடக்கே மலை மேலிருக்கும் மேகக் கூடம் என்ற ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறாள், மழையைக் கணிப்பதில் பெரிய விஞ்ஞானி ஆகிறாள், மறுபடி டெல்டாவுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருகிறாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. ஆறு மாதமாக ஒரு வரி நகரவில்லை. "யாருக்காவது படிக்கக் குடும்மா, எங்க இடிக்குதுன்னு சொல்லுவாங்க" என்றாய். கொடுத்தேன். அதுதான் நடந்தது.

முதலில் கொடுத்தது திருப்பனந்தாளில் இருக்கும் புலவர் ஐயாவுக்கு. எங்கள் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், எண்பதை நெருங்குகிறார். தன் மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சுட்டிக்காட்டி, நூற்றுக்கணக்கான குறிப்பு போட்டிருந்தார். கதையைப் பற்றி ஒரே ஒரு வரி: "கற்பனை வளம் உண்டு, ஒற்று வளம் இல்லை." இரண்டாவது வசந்தா. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். அவள் அம்மா மற்றவர்கள் வயலில் நடவு நட்டவள். வசந்தா இன்று சொந்தமாகப் பயிர் செய்கிறாள், நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் விட்டுவைப்பதில்லை. அவள் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். "டீச்சர், கடல் தண்ணி ஒரே ராத்திரில வராது. மொதல்ல போர் தண்ணி கரிக்கும். அப்பறம் பயிரு நுனி கருகும். மாட்டுக்குத் தண்ணி காட்டுனா மூஞ்சத் திருப்பிக்கும். அதுக்கெல்லாம் வருஷக்கணக்கா ஆகும், அந்த வருஷத்தையெல்லாம் நீங்க எழுதவே இல்லியே" என்றாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "வயல்ல ஆளே இல்ல டீச்சர் ஒங்க கதையில. நாங்கல்லாம் எங்க போனோம்?" என்று கேட்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அதெல்லாம் நான் எதிர்பார்த்த அடிதான். திருத்திக்கொள்ளலாம் என்று நோட்டில் குறித்துவைத்தேன். மூன்றாவது வாசகன் நீ. "சூப்பர்மா" என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவாய் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த காலை நேரம். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன், விரலெல்லாம் கறை. போனில் செய்தி வந்த மணி அடித்தது. புறங்கையால் தள்ளித் திறந்தேன். நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன். மனப்பாடம் ஆகிவிட்டது. "அம்மா, இந்தப் பையன் ஒரே பத்தியில செத்துப்போறான். அடுத்த பத்தியில அவ ரயில் ஏறிடுறா. ஒரு சொட்டு அழல. அதுக்கப்பறம் பதினஞ்சு அத்தியாயத்துல அவன் பேரு ஒரு தடவகூட வரல. அவன் செத்தாதான் கதை நகருதுன்னா, உயிரோட இருந்ததுதான் அவளுக்கு இடைஞ்சலா? அவனுக்கு நாலு வயசு, இடது புருவத்துல தழும்பு. தெரிஞ்சுதான் எழுதினியா?"

தழும்பா? எந்தத் தழும்பு? எனக்கு அப்படி எழுதிய ஞாபகமே இல்லை. மேலே தள்ளிப் படித்தேன். இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களில் இடது புருவத் தழும்பை வைத்துக் கயல் தன் மகனை அடையாளம் காண்கிறாள். நான்தான் எழுதியிருக்கிறேன். மூன்று வருஷத்தில் அந்த அத்தியாயத்தை எத்தனை தடவை திருத்தியிருப்பேன்! புலவர் ஐயா சொன்ன ஒற்றெழுத்துகளைக்கூட அதே பத்தியில் சரிசெய்திருக்கிறேன். என் கண்ணுக்கு அது படவே இல்லை. மூன்று வயதில் கொல்லையில் அடிபம்பின் முனையில் இடித்துப் புருவம் கிழிந்து நீ ரத்தமும் சேறுமாக ஓடிவந்தது, உன்னைத் தூக்கிக்கொண்டு நான் வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, ஊசி போடும்போது என் கழுத்தை இறுக்கிக்கொண்டது எல்லாம் எனக்கு நேற்று நடந்த மாதிரி. அந்தப் புருவத்தை எடுத்து ஒரு பிணத்தின் மேல் வைத்திருக்கிறேன். வாழைப்பூ அப்படியே கருத்துக் கிடந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "என்ன, சுட்டுக்கிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று மத்தியானமே வசந்தா கூப்பிட்டாள். "தம்பி எழுதியிருக்கறத பாத்தேன் டீச்சர். பாக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன், கண்ணுல பட்டுடுச்சு" என்றாள். "நானும் அந்த எடத்தத் தாண்டித்தான போனேன்? உப்புத்தண்ணியப் பத்தி அம்புட்டு சொன்னேன், ஒரு புள்ள செத்ததக் கவனிக்கல. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு." பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா? நெசமாவே அப்புடி ஒரு நெனப்பு உங்களுக்கு வந்துச்சா?" என்றாள். என்னிடம் கைகட்டிப் பாடம் கேட்ட பெண் இப்படிக் கேட்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. "வந்துருந்தா தம்பிகிட்ட சொல்லிடுங்க டீச்சர். எனக்கு ரெண்டாவது பொறந்தப்ப மூணு மாசம் அதத் தூக்கவே புடிக்கல. யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப அதுதான் எங்கூட வயலுக்கு வருது. அதுக்கிட்டயும் சொல்லல. சொல்லணும்" என்று வைத்துவிட்டாள். புலவர் ஐயாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாள் பார்த்தால், அந்த மூன்றாம் அத்தியாயத்தில் மட்டும் அவருடைய குறிப்புகளையெல்லாம் நீக்கியிருந்தார்.

நாலாம் நாள் அப்பா உன் வரிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். "அவன் கேட்டதுல என்ன தப்பு?" என்றார். தப்பில்லை என்றேன். "அப்ப ஏன் போன எடுக்க மாட்டேங்குற?" "அவன் கேட்டது பாதிதாங்க. மீதி அவனுக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது" என்றேன். அவரிடம் சொன்னதைத்தான் இப்போது உன்னிடமும் சொல்லப்போகிறேன். சொல்ல இருபத்தொன்பது வருஷம் எடுத்துக்கொண்டதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

உனக்கு நாலு வயதில் எனக்குப் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். பருவமழையைப் பற்றிய ஆராய்ச்சி. நான் போனேன், பத்தொன்பது நாள் இருந்தேன், உன்னைப் பிரிந்து இருக்க முடியாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன் என்பது நம் வீட்டின் கதை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை. போகும்போது உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நீ பால்வாடிக்குப் போயிருந்த நேரத்தில் பெங்களூர் போகக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே முதல் வாரம் மிதந்துகொண்டிருந்தேன். என் பெயர் போட்ட ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜையைத் தடவித் தடவிப் பார்ப்பேன். ராத்திரி உன் ஞாபகம் வரும், காலையில் போய்விடும். உண்மையைத்தான் எழுதுகிறேன், காலையில் போய்விடும். மூன்றாவது வாரம், புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரையை எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும் என்றார்கள். நான் நின்றேன். கரும்பலகையில் ஐந்து வரி எழுதினேன். ஆறாவது வரி எப்படி வருகிறது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. மனப்பாடம் செய்துவந்தேனே தவிர எனக்குப் புரிந்திருக்கவில்லை. இங்கிலீஷும் தொண்டையில் நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, சரவணா. சிரித்திருந்தால் வீம்புக்காகவாவது நின்றிருப்பேன். பேராசிரியர் மிகவும் மென்மையாக, பரவாயில்லை உட்காருங்கள் என்றார். பக்கத்திலிருந்த பெண் தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதே ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

விடுதிக் காப்பாளரிடம், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றேன். உனக்கு ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் வரும்போது அந்தப் பொய்யை மெருகேற்றிக்கொண்டே வந்தேன். உடம்பு சரியில்லை என்பது, அம்மாவைக் காணாமல் ஏங்குகிறான் என்றாகி, அவனை விட்டு என்னால் இருக்க முடியவில்லை என்றாகி, நன்னிலம் வந்து இறங்கும்போது நானே நம்பிவிட்டேன். பொங்கிப் பொங்கி அழுதேன், அதுவும் நடிப்பில்லை. வீட்டுக்கு வந்தால் நீ வாசலில் டயர் உருட்டிக்கொண்டிருந்தாய். கொழுகொழுவென்று இருந்தாய். "ரெண்டு நாள் கேட்டான், அப்பறம் சரியாயிட்டான்" என்றார் அப்பா. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நீ ஏங்கியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் சொல்லி முடித்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னை ஏமாற்றிவிட்டாயே என்று கத்துவார் என்று காத்திருந்தேன். "இத்தன வருஷமா அவன்கிட்ட நான் சொல்லிக்கிட்டே இருந்தேனேம்மா" என்றார். "கணக்குல நாப்பது வாங்கிட்டு வந்தப்பல்லாம், ஒனக்காக அம்மா என்னத்த விட்டுட்டு வந்தான்னு தெரியுமாடான்னு கேட்டுக்கேட்டு அடிச்சேனே." அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை, அவருடைய அம்மா போனபோதுகூட. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பொய் என்னோடு நிற்கவில்லை. அது உன் முதுகில் ஏறியிருக்கிறது.

நீ கல்லூரியில் இயற்பியல் எடுத்தது நினைவிருக்கிறதா? உனக்கு வரைவதுதான் பிடிக்கும். நோட்டின் கடைசிப் பக்கங்களெல்லாம் முகங்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை வரைந்தவன் நீ. "நீ விட்டத நான் முடிக்கறேம்மா" என்று சொல்லிச் சேர்ந்தாய். நான் தடுக்கவில்லை, பூரித்துப்போனேன். இரண்டாம் வருஷம் நாலு தாளில் தோற்று, தஞ்சாவூரிலிருந்து வந்து, சமையல்கட்டு வாசலில் நின்று, "மன்னிச்சுக்கம்மா, ஒனக்காகக்கூட என்னால முடியல" என்று அழுதாய். பத்தொன்பது வயதுப் பையன் தோள் குலுங்க அழுதான். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். கரும்பலகை முன்னால் நானும் அப்படித்தான்டா நின்றேன், எனக்கும்தான் வரவில்லை என்று ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக உன் தலையைத் தடவி, "பரவால்ல விடு" என்றேன். நீ கேட்ட மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் பெரியது பொய் சொன்னது இல்லை. அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டதுதான்.

இப்போது அந்த நாவலைப் பார். ஒரு பெண், அவளுக்கு ஒரு பிள்ளை, பிள்ளை போனதும் அவள் உலகம் கொண்டாடும் விஞ்ஞானி. அந்தப் பையன் மட்டும் இல்லாதிருந்தால் நான் எங்கோ போயிருப்பேன் என்பதைப் பதினெட்டு அத்தியாயமாக வளர்த்திருக்கிறேன். உன்னைச் சாகடித்தால்தான் அந்தப் பொய் நிற்கும். அதனால்தான் கயல் அழவில்லை, அதனால்தான் அந்தப் பையன் பெயர் திரும்ப வரவில்லை. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நின்றதும் அதனால்தானோ என்னவோ. இதை எழுதுவதற்கே நாலு நாள் ஆயிற்று.

இதில் உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. இருந்தாலும் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா நாலு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். நிவேதாவுக்காக நீ ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்பாய், உனக்காக அவள் விட்டுக்கொடுப்பாள். நல்லதுதான். ஆனால் விட்டுக்கொடுத்ததைப் பற்றி யாராவது அடிக்கடி பேச ஆரம்பித்தால், பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே அதனால்தான் விட்டாயா என்று ஒரு தடவை கேள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்காதே, தெரிந்துகொள்வதற்காகக் கேள். உன்னையும் அவள் கேட்கட்டும். பயந்துபோய் விட்டேன் என்றால் பயந்தேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், குடிமுழுகிப் போகாது. என்னை யாரும் கேட்கவில்லை என்று குறை சொல்ல மாட்டேன், ஆனால் அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்று இந்தப் பதினோரு நாளில் பலமுறை யோசித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நிவேதாவிடமும் காட்டு. மாமியாரைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லதுதான்.

நேற்றுக் காலை கோப்பைத் திறந்தேன். அந்தப் பத்தியை அழிக்கவில்லை. அழித்தால் மறுபடி மறைத்த மாதிரி ஆகிவிடும். அதன் கீழேயே வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். கயல் மேகக் கூடத்துக்குப் போகிறாள், ஆறாவது வரி தெரியாமல் நிற்கிறாள், திரும்பி வருகிறாள். அதற்கப்புறம் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. மீதிப் பதினைந்து அத்தியாயமும் இடிந்து கிடக்கிறது. வசந்தாவிடம் சொன்னேன். "இப்பதான் டீச்சர் அவ வயல்ல எறங்குவா" என்றாள். இருக்கலாம். எழுதினால்தான் தெரியும்.

நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்த மனுஷருக்கும், பாடம் சொல்லிக்கொடுத்த ஆயிரம் பிள்ளைகளுக்கும், எனக்கேகூடத் தெரியாமல் இருந்ததை நீ ஓரத்தில் ஆறு வரியில் எழுதிவிட்டாய். என்னை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. தெரிந்துதான் எழுதினாயா என்று கேட்டாய். இல்லையப்பா, தெரியாமல்தான் எழுதினேன். இடைஞ்சலா என்றும் கேட்டாய். அதற்குத் தெரிந்தே பதில் எழுதுகிறேன். எனக்குக் குறுக்கே நின்றது நான்தான். நீ ஒன்றுமே செய்யவில்லை, சரவணா. உனக்கு அப்போது நாலு வயது.

அம்மா